தொண்ணூறு கிராம் தண்ணீர்

கரங்சாரி,
4 நவம்பர் 1984

அன்புத் தங்கை ருஸ்மினிக்கு,

அண்ணன் தர்யோனோவின் ஸலாம். இறைவன் அருளால் நானும் உன் அண்ணி துமினாவும் நலம். மழை ஆரம்பித்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலியும் ஆரம்பித்துவிட்டது. உட்காரச் சொன்னால் கேட்கிற ஆளா அவள்? கூரைக்கு ஓலை மாற்றுகிறேன் என்று நேற்று ஏணியில் நின்றாள். யோக்யகர்தாவில் உன் சாப்பாடு எப்படி? எல்லாவற்றிலும் வெல்லம் போடுவார்களாமே, பல்லைப் பார்த்துக்கொள்.

இனி விஷயம். நம் குராமி மீன்களுக்கு நோய். குஞ்சுகளுக்கு என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். வந்திருப்பது தாய்க்குளத்துக்கு. பன்னிரண்டு உருப்படிகளும் கரையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நிற்கின்றன. மேலெல்லாம் வழவழவென்று கோழை. விரல்நகம் அளவில் வாங்கி ஐந்து வருஷம் சேப்பங்கிழங்கு இலை அறுத்துப்போட்டு வளர்த்தவை. இரண்டு மாதமாக ஒன்றும் முட்டையிடவில்லை.

மீன்துறை அதிகாரி வந்து பார்த்தார். சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: ‘மயில்துத்தம். இந்தக் குளத்துக்கு 8 கிராம் செம்பு என்ற கணக்கில்.’ மறுவாரமே அவருக்கு இடமாற்றம். நான் அதை எடுத்துக்கொண்டு மர்ஜுகி கடைக்குப் போனேன். அந்த ஆள் சொல்கிறார், “செம்பு வேணும்னா பாத்திரக் கடைக்குப் போப்பா. மயில்துத்தம்னா என்கிட்ட இந்த நீலக் கல்லுதான் இருக்கு.” கடையே சிரித்தது.

கீழத்தெருக்காரன் ஒருவன் போன வருஷம் இதையே கைநிறைய அள்ளிக் கொட்டி, மறுநாள் காலையில் குளத்து மீனெல்லாம் வயிறு மேலே மிதந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் குத்துமதிப்பாக ஊற்ற எனக்குத் தைரியமில்லை. நீதான் ரசாயனம் படிக்கிறாயே, எட்டு கிராம் செம்பு வேண்டுமானால் நீலக் கல் எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டு எழுது.

தனித்தாளில் எழுதியிருப்பது அம்மாவுக்குத் தெரியக்கூடாது, படித்துவிட்டுக் கிழித்துவிடு.

(தனித்தாள்)

ருஸ், அரசாங்கக் குடியேற்றத்துக்கு நானும் துமினாவும் பெயர் கொடுத்துவிட்டோம். சுமத்ராவில் இரண்டு ஹெக்டேர் காடு, ஒரு பலகை வீடு. பிப்ரவரியில் கப்பல். இந்த மீன்கள் பிழைத்து முட்டையிட்டால் பெயரைத் திரும்ப வாங்கிவிடுவேன். செத்தால் இங்கே எனக்குத் தொழில் இல்லை, போய்த்தான் ஆகவேண்டும். அம்மா வரமாட்டாள், அது உனக்கே தெரியும். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. உன் கடிதங்களை அம்மாவுக்குத் துமினாதான் படித்துக் காட்டுகிறாள், தனித்தாள் இருந்தால் அதைத் தாண்டிவிடுவாள். நீயும் எழுதும்போது தனித்தாளிலேயே எழுது.

உனக்குத் தேர்வு எப்போது?

உன் அண்ணன்,
தர்யோனோ


யோக்யகர்தா,
12 நவம்பர் 1984

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

ருஸ்மினியின் ஸலாம். அம்மாவின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும், ஏணி ஏறும் பாதம் ஆனாலும் சரி. நான் நலம். வெல்லம் போட்ட பலாக்காய்க் குழம்பு தின்று தின்று எனக்கே எறும்பு மொய்க்கப் போகிறது. அண்ணி கையால் பொரித்த தெம்பே ஒரு தட்டு கிடைத்தால் சொத்தையே எழுதி வைப்பேன்.

அண்ணா, நீங்கள் கேட்டது எனக்குக் கைவந்த விஷயம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

அணுவைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் ஓர் அணு இன்னொன்றைவிட எத்தனை மடங்கு கனம் என்று சொல்லலாம். நம் சந்தையில் மீன்குஞ்சை எப்படி விற்கிறோம்? நகம் அளவு, தீப்பெட்டி அளவு, சிகரெட் பெட்டி அளவு. யாரும் அடிக்கோலை எடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுகிறோம். அதேபோல எல்லாவற்றிலும் லேசான ஹைட்ரஜனை ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஆக்சிஜன் 16, கந்தகம் 32, செம்பு 64. இதற்குப் பெயர் ஒப்பு அணு நிறை. ஒப்பிடுவது மட்டும்தான், அதனால் பின்னால் கிராம் என்றெல்லாம் வராது. வெறும் எண்.

மயில்துத்தத்தில் செம்பு ஒன்று, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. கூட்டினால் 64, 32, நான்கு பதினாறு 64. ஆக 160. இதுதான் வாய்பாட்டு நிறை. 160 பங்கு மயில்துத்தத்தில் 64 பங்கு செம்பு. அப்படியானால் 8 கிராம் செம்புக்கு 20 கிராம் மயில்துத்தம். முடிந்தது! மூலிகைப்பொடி விற்கும் சுமியாத்தியிடம் சின்னத் தராசு இருக்கிறதே, அதை இரவல் வாங்கி நிறுங்கள். பிறகு தராசுத் தட்டை நன்றாகக் கழுவிக் கொடுங்கள். இது விஷம்.

தேர்வு மாதக் கடைசியில். கவலைப்படாதீர்கள், இதே பாடம்தான் வருகிறது.

உங்கள் தங்கை,
ருஸ்மினி

(தனித்தாள்)

சுமத்ராவா? அண்ணா, படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே யானை வந்து வீட்டை மிதிக்குமாம். நீங்கள் போகக்கூடாது. மீன் பிழைக்கும். நான் கணக்குப் போட்டிருக்கிறேன், பிழைக்காமல் எங்கே போகும்?


கரங்சாரி,
19 நவம்பர் 1984

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைத் துமினா அடுப்பங்கரையில் உரக்கப் படித்தாள். நூற்றறுபது என்று வந்ததும் அம்மா, “எம் பொண்ணு எவ்வளவு அழகா கூட்டுறா பாரு”ன்னு பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஆக்சிஜன் யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் கேட்டாள்.

மர்ஜுகியிடம் கால் கிலோ நீலக் கல் வாங்கினேன். அவர் தராசில் 250 கிராம், நானே முள்ளைப் பார்த்தேன். ஆனால் நான்கு நாளாக ஓயாத மழை, குளம் நிரம்பி வழிகிறது. வழிகிற குளத்தில் மருந்து ஊற்றினால் பக்கத்து வயலுக்குத்தான் வைத்தியம். மழை விட்டதும் ஊற்றுகிறேன். கல் பொட்டலத்தை அடுப்பங்கரையில் வைத்திருக்கிறேன். வீட்டில் அங்கேதான் கொஞ்சம் ஈரம் குறைவு, மற்ற இடத்தில் என் சட்டைகூடக் காளான் முளைக்கப் பார்க்கிறது.

ஒரு மீன் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. பெண்மீன். இலையைப் போட்டால் மற்றவை வருகின்றன, அது வருவதில்லை.

தேர்வை நன்றாக எழுது.

அண்ணன்,
தர்யோனோ


யோக்யகர்தா,
6 டிசம்பர் 1984

அண்ணாவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம்தானே. நானும் நலம்.

அண்ணா, இருபது கிராம் தப்பு. முப்பத்தொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலக் கல்லுக்குள்ளே தண்ணீர் இருக்கிறது. ஈரம் என்று நினைக்காதீர்கள். கல்லின் உடம்போடு உடம்பாகக் கட்டுண்ட தண்ணீர், மயில்துத்தம் ஒன்றுக்கு நீர் மூலக்கூறு ஐந்து. நீர் ஒன்றுக்கு 18, ஐந்துக்கு 90. நான் அதைக் கூட்டவே இல்லை. 160 இல்லை, 250. அந்த 250-இல்தான் 64 செம்பு. அப்படிப் பார்த்தால் 8 கிராம் செம்புக்கு 31 கிராமும் கொஞ்சமும் வேண்டும். இருபது போட்டால் நோய்க்கு உறைக்காது, மீன் செத்துப்போகும்.

ஊற்றாமல் இருந்தால் 31 ஊற்றுங்கள். 20 ஊற்றியிருந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி 31 ஊற்றுங்கள்.

என்னை மன்னியுங்கள். அவசரத்தில் எழுதுகிறேன், தபால் நேரம்.

ருஸ்மினி


கரங்சாரி,
3 டிசம்பர் 1984

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஸலாம். உன் தேர்வு முடிந்திருக்கும். நாங்கள் நலம், சண்டை மட்டும் கொஞ்சம் அதிகம்.

மழை விட்டதும், நவம்பர் கடைசியில், நீ சொன்னபடி 20 கிராம் கரைத்து ஊற்றிவிட்டேன். ஐந்து நாளாகிறது. சாப்பிடாமல் கிடந்த பெண்மீன் நேற்று இலைக்கு வந்தது! ஆனால் இரண்டு மூன்று இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த வாரம் இன்னொரு தடவை ஊற்றலாம் என்று எண்ணம்.

சண்டை என்னவென்றால் இது. ஊற்றுகிற அன்று பொட்டலத்தைப் பிரித்தால் நீலத்தையே காணோம். சாம்பல் பூத்த வெள்ளைப் பொடி. “என்னம்மா இது?” என்றால் அம்மா, “ஈரம் கோத்துக் கட்டி கட்டியா கெடந்துச்சுடா, அதான் உப்பு வறுக்கிற மாதிரி வறுத்து வெச்சேன்” என்கிறாள். என்னத்தைச் சொல்ல! பொடித்ததும் நல்லதுதான், கரைக்க எளிது. தண்ணீரில் போட்டதும் நீலம் திரும்பி வந்துவிட்டது. சரி, பொருள் மாறவில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஊற்றுவதற்கு முன் சுமியாத்தி தராசில் மொத்தத்தையும் நிறுத்தபோது 160 கிராம்தான் இருந்தது. நான் வாங்கியது 250. தொண்ணூறு கிராம் எங்கே? அம்மா ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை என்று குர்ஆன்மேல் சத்தியம் செய்கிறாள். அப்படியானால் மர்ஜுகி தராசில் தில்லுமுல்லு. நேராகக் கடைக்குப் போய் நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன். “இருவது வருஷமா இந்தக் கடையில நிக்கிறேன், என்னையாடா திருடன்கிற? போடா, உன் மீனு மாதிரியே உனக்கும் புத்தி வழவழன்னு போச்சு!” என்று படிக்கல்லைத் தூக்கிக் காட்டினார். இனி அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன்.

தேர்வு எப்படி? எழுது.

அண்ணன்,
தர்யோனோ


தந்தி
யோக்யகர்தா, 10 டிசம்பர் 1984

31 ஊற்றாதே. பொடி வறுத்தது. கடிதம் வருகிறது. ருஸ்மினி


யோக்யகர்தா,
10 டிசம்பர் 1984

அண்ணா,

தந்தி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்திருக்க வேண்டும், இறைவா. உங்கள் மூன்றாம் தேதிக் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. என் ஆறாம் தேதிக் கடிதம் அதை வழியில் தாண்டிப் போயிருக்கிறது. படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து செருப்புகூடப் போடாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

நிதானமாக எழுதுகிறேன். 250 வாங்கினீர்கள், வறுத்த பிறகு 160. அண்ணா, இந்த இரண்டு எண்களையும் தலைகீழாகத் தூக்கிப் போட்டாலும் நான் அடையாளம் சொல்வேன். தண்ணீரோடு சேர்த்தால் 250, தண்ணீர் இல்லாமல் 160. அம்மா வறுத்ததில் கட்டுண்ட ஐந்து நீரும் ஆவியாகிவிட்டது. காணாமற்போன தொண்ணூறு கிராம் அதுதான். மர்ஜுகி ஒரு பொட்டு திருடவில்லை. அம்மா ஒரு சிட்டிகை சிந்தவில்லை. உங்கள் பாத்திரத்தில் நீலம் திரும்பியது எதனால்? தண்ணீர் மறுபடி ஒட்டிக்கொண்டதால்.

நான் தண்ணீரை மறந்து கணக்குப் போட்டேன். அம்மா தண்ணீரை வறுத்து எடுத்துவிட்டாள். அதனால் நீங்கள் ஊற்றிய இருபது கிராமில் எட்டு கிராம் செம்பு சரியாக இருந்தது. தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகிவிட்டது. ஆனால் பிறகு நான் ‘சரி’ பண்ணி எழுதினேன் பாருங்கள், அதுதான் விஷம். வறுத்த பொடியில் 31 கிராம் என்றால் செம்பு பன்னிரண்டரை கிராம். கீழத்தெருக்காரன் குளம் மாதிரி ஆகிவிடும்.

ஊற்றாதீர்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். உடனே பதில் எழுதுங்கள், ஒரு வரி போதும்.

இன்னொன்று. அம்மா எந்த வாணலியில் வறுத்தாள்? சமைக்கிற வாணலியா?

ருஸ்மினி


யோக்யகர்தா,
21 டிசம்பர் 1984

அண்ணாவுக்கு,

அம்மாவும் அண்ணியும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. செராயு ஆற்றில் வெள்ளம் என்று வானொலியில் சொன்னார்கள். தபால் நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி படுத்தால் வயிறு மேலே மிதக்கிற மீன்தான் கண்ணில் வருகிறது.

செத்துப்போயிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டாம். கோபத்தில் எழுதாமல் இருக்கிறீர்களோ? திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என் கணக்கை நம்பித்தானே ஊற்றினீர்கள். நீங்கள் சுமத்ராவுக்குப் போவதற்கு நான் காரணமாகிவிட்டால், அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

வாணலி பற்றியும் எழுதுங்கள். தயவுசெய்து.

ருஸ்மினி


கரங்சாரி,
27 டிசம்பர் 1984

அன்புத் தங்கை ருஸ்மினிக்கு,

முதலில் மூச்சை விடு. மீன் உயிரோடு இருக்கிறது. பன்னிரண்டும்.

நாங்கள் நலம். பாலம் முழுகி இரண்டு வாரம் தபால் வரவில்லை. நீ தந்தியில் ‘கடிதம் வருகிறது’ என்றாய். நான் கடிதம் வரட்டும், படித்துவிட்டுப் பதில் எழுதுவோம் என்று உட்கார்ந்திருந்தேன். நீ அங்கே என் பதிலுக்கு உட்கார்ந்திருக்கிறாய். நேற்றுத்தான் உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. நல்ல ஜோடி நாம்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் ‘முப்பத்தொன்று’ கடிதம் பதினோராம் தேதி வந்தது. பன்னிரண்டாம் தேதி காலையில் பொடியை நிறுத்து, வாளியில் கரைத்து, குளக்கரைக்குப் போய்விட்டேன். வாளியைச் சாய்க்கிற நேரம். மூலையில், மூங்கில் கூடை கட்டியிருக்கிற பக்கம் தண்ணீர் அசைந்தது. பார்த்தால் பெரிய ஆண்மீன், வாயில் பனைநார்! கரையில் தொங்கவிட்டிருந்த நாரை இழுத்து இழுத்துக் கூடைக்குள் திணிக்கிறது. கூடு கட்டுகிறது, ருஸ்! இரண்டு மாதமாக ஏறெடுத்துப் பார்க்காத நாரை.

கூடு கட்டுகிற நேரத்தில் குளத்துப் பக்கம் இருமக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். நான் மருந்தையா ஊற்றுவேன்? வாளியோடு பூனை மாதிரி பின்னோக்கியே நடந்து வந்தேன். கூடு முடியட்டும், பிறகு ஊற்றலாம் என்று வாளியை மூடி வைத்தேன். மதியம் ஊராட்சி அலுவலகப் பையன் நனைந்துகொண்டு உன் தந்தியைக் கொண்டுவந்தான். முழுதாக விளங்கவில்லை. ஊற்றாதே என்பது மட்டும் விளங்கியது. வாளியைப் பார்த்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். துமினா என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். வாளித் தண்ணீரைத் தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழி வெட்டி ஊற்றிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கூட்டுக்கு மேலே தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது. முட்டை வைத்தால்தான் அந்த எண்ணெய். கையை விட்டுப் பார்த்தேன், கூடு நிறைய மணி மணியாக மஞ்சள் முட்டை. இருபத்தொன்பது வயது ஆம்பளை குளத்தில் நின்று அழுதேன். துமினா சிரித்தாள், பிறகு அவளும் அழுதாள்.

மர்ஜுகியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.

வாணலி பற்றி அம்மாவிடம் கேட்டேன். “அவளுக்கு வேற வேலையில்லையா”ன்னு உள்ளே போய்விட்டாள்.

அண்ணன்,
தர்யோனோ

(தனித்தாள்)

நேற்று வட்டார அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தோம். எழுத்தர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். அம்மாவுக்குத் தெரியாமல் ஆரம்பித்ததை அம்மாவுக்குத் தெரியாமலே முடித்துவிட்டோம். அவள் மனசு ஒரு நாள்கூட வாடவில்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி.

அப்புறம், ருஸ். நவம்பரில் இருந்து தேர்வைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தலைகால் புரியாமல் தண்ணீரைப் பற்றி எழுதுகிறாய், தேர்வைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தண்ணீரை விட்டுவிட்டாய் என்று உனக்கு யார் சொன்னது? எனக்குத் தெரியும். நீயாகச் சொல்கிறபோது சொல். அதற்காக உன்னை யாரும் இங்கே குறைத்து எடை போட மாட்டார்கள்.


யோக்யகர்தா,
14 ஜனவரி 1985

என் பிரியமான அண்ணாவுக்கு,

ஸலாம், ஆயிரம் ஸலாம். உங்கள் கடிதத்தை விடுதி முற்றத்தில் நின்று படித்தேன். முதல் வரியைப் படித்ததும் குதித்த குதியில் கொடியில் காய்ந்த யாருடைய பாவாடையோ என் தலைமேல் விழுந்தது. அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு தின்றேன். வெல்லக் குழம்புகூட ருசித்தது.

சொல்கிறேன். நவம்பர் தேர்வில் நான் தேறவில்லை. 25 கிராம் நீலப் படிகத்தில் எத்தனை கிராம் செம்பு என்று கேட்டிருந்தார்கள். 160-ஐ வைத்துப் பத்து என்று எழுதினேன். அதையே பிடித்துக்கொண்டு அடுத்த மூன்று கணக்கும் போட்டேன், மூன்றும் தப்பு. பேராசிரியை ஹெர்லினா தாளைக் கொடுத்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: ‘ஐந்து நீர் எங்கே?’ அதைப் பார்த்ததும் எனக்குத் தேர்வு ஞாபகமே வரவில்லை, அண்ணா. நம் குளம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

போன வாரம் மறுதேர்வு. ‘நீலப் படிகம் 250 கிராமை நிறை மாறாத வரை சூடேற்றினால் 160 கிராம் வெண்பொடி எஞ்சுகிறது. உப்பு ஒன்றுக்கு எத்தனை நீர் மூலக்கூறு?’ தேர்வு அறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஹெர்லினா அம்மா எழுந்து வந்து, “என்ன ருஸ்மினி, உடம்பு சரியில்லையா?” என்றார். “இது எங்க வீட்டு அடுப்புல நடந்ததும்மா” என்றேன். “சரி சரி, விடையை எழுது, கதையை அப்புறம் சொல்லு.” தொண்ணூறைப் பதினெட்டால் வகுத்தேன். ஐந்து. கதையையும் அப்புறம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, “எந்த வாணலி?” என்றார். பார்த்தீர்களா, நான் மட்டும் இல்லை!

இன்று முடிவு வந்தது. தேறிவிட்டேன்.

மர்ஜுகியிடம் போங்கள் அண்ணா. போகும்போது கையில் நல்ல மீன் ஒன்று கொண்டுபோங்கள், பேச்சு தானாக வரும்.

உங்கள் தங்கை,
ருஸ்மினி


கரங்சாரி,
2 பிப்ரவரி 1985

அன்பான ருஸ்மினிக்கு,

அண்ணி துமினா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ‘நான் சொல்றத சொன்னபடி எழுது, உன் இஷ்டத்துக்குத் திருத்தாதே’ என்று உத்தரவு. உன் அண்ணன் மர்ஜுகி கடைக்குச் சுட்ட குராமியோடு போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. சிரிப்புச் சத்தம் முக்கு வரைக்கும் கேட்கிறதாம். இனி அத்தை பேசுகிறாள்.

ருஸ், நல்லா இருக்கியாடி? நேரத்துக்குத் தின்றியா? பாஸாயிட்டேன்னு துமினா படிச்சா. அதுக்கு முந்தி பெயிலானேன்னும் படிச்சா. ஆகட்டும், அதனால என்ன. தண்ணிக்குக் கனம் இருக்குன்னு கண்டுபிடிக்கக் காலேஜுக்குப் போனியாக்கும்? குடம் சுமக்கிறவ என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். சும்மா சொல்றேன், கோவிச்சுக்காதே. கல்லுக்குள்ள தண்ணி இருக்கும்னு எனக்கு மட்டும் தெரியுமா என்ன? தெரிஞ்சா வறுத்திருப்பேன்?

வாணலி வாணலின்னு உயிரை எடுக்கிறியே. அது சமைக்கிறது இல்ல. விளிம்பு உடைஞ்ச மண்சட்டி, கோழிக்குத் தீனி வெச்சிட்டிருந்தது. கொல்லைல கல்லு கூட்டி, பெரிய நெருப்பு வெச்சு, முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு வறுத்தேன். கீழத்தெரு மீனெல்லாம் செத்ததை நானும் பார்த்தவதானே, விஷம்னு தெரியாதா? வறுத்ததும் சட்டியை உடைச்சுப் புதைச்சுட்டேன். போதுமா?

இப்போ உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். துமினா, நிறுத்தாதே, எழுது.

ஏன் வறுத்தேன்னு உன் அண்ணன் கேட்டான். ஈரம்னு சொன்னேன். ஈரம்தான், ஆனா அதுக்காக இல்ல. இந்த வீட்டுல நடு அறைல குசுகுசுன்னு பேசினா அடுப்பங்கரைல கேக்காதா? சுமத்ரான்னு அக்டோபர்லயே காதுல விழுந்துடுச்சு. நீங்க தனித்தாள் எழுதுறதும், துமினா படிக்கிறப்ப நடுவுல எச்சில் முழுங்குறதும் எனக்குத் தெரியாமலா? அவனா சொல்லட்டும்னு இருந்தேன். போகாதேடான்னு சொல்ல எனக்கு வாய் வரல. வயசுப்பய, பொழைக்க வேணாமா? நான் குறுக்க நின்னு, பின்னால உன்னாலதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா தாங்குவேனா?

அதனால ஒவ்வொண்ணா வறுத்து வெச்சேன். கப்பல்ல நாள்கணக்கா உப்புக்காத்து, ஈரம் பட்டா எல்லாம் பூத்துப் போகும்னாங்க. அரிசி வறுத்தேன், வேர்க்கடலை வறுத்தேன், காப்பிக்கொட்டை, தேங்காய்த்துருவல், உப்பு எல்லாம் வறுத்து டின்னுல போட்டு மூடினேன். ஒருநாள் அந்த நீலக் கல்லும் கண்ணுல பட்டுது. அங்க போயும் இவன் குளம் வெட்டாம இருக்க மாட்டான், மீனுக்கு நோய் வந்தா அந்தக் காட்டுல மர்ஜுகி கடையா இருக்கும்னு அதையும் வறுத்தேன். முதல் தடவைக்கு எடுத்தது போக மிச்சத்தை அவனுக்குத் தெரியாம மூட்டைல வெச்சுடணும்னு நெனப்பு.

அது இங்கயே குளத்துல போய், அவனை இங்கயே நிறுத்திடுச்சு. நான் அனுப்பத்தான் வறுத்தேன், ருஸ்.

அத்தை தோள்துணியால் கண்ணைத் துடைக்கிறாள். நானும்தான். எழுத்து கலைந்திருந்தால் மன்னித்துக்கொள்.

சரி, எழுது. அவன்கிட்ட இதெல்லாம் இன்னும் சொல்லல. மர்ஜுகி கடைலேர்ந்து வரட்டும், சோறு போட்டுட்டுச் சொல்றேன். குஞ்சு பொரிஞ்சாச்சு, இப்போ நகம் அளவுக்கு இல்ல, அதுல பாதிகூட இல்ல. நீ வர்றப்போ தீப்பெட்டி அளவு ஆயிருக்கும்.

டின்னுல வேர்க்கடலை ஒரு மரக்கால் கெடக்கு. கப்பல் ஏறாத கடலை. யார் திங்கிறது இவ்வளவும்? லீவு விட்டதும் ஒரு நாள்கூடத் தங்காம கெளம்பி வா.

அம்மா
(கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்திருக்கிறாள். கரி ஒட்டியிருந்தால் துடைக்காதே, சட்டி கழுவிக்கொண்டிருந்தவளை அப்படியே உட்கார வைத்தேன். – அண்ணி)